பழைய காரின் ரேடியோ: புதுப்பேட்டையும் பஞ்சிகாவத்தையும்

இந்தியாவில் அம்பாசடரோ ஃபியட்டோ வாங்கியவருக்கு ரேடியோ வண்டியோடு வரவில்லை. அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய தனிச் செலவு. இலங்கையில் கடந்த நாற்பது ஆண்டுகளாக ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டுக் கொடுத்தவை. அவற்றில் ரேடியோ இருந்தது. ஆனால் டோக்கியோ நிலையங்களுக்காகச் செய்த ரேடியோ. இரு நாட்டு மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் பிரிவது இந்த இடத்தில்தான். பாடாத ரேடியோவைக் கொண்டுபோனால் சென்னைக்காரர் பெட்டியைக் கழற்றித் திறப்பார், கொழும்புக்காரர் ஏரியலை இழுத்துப் பார்ப்பார். பழைய காரை ஒரிஜினலாக வைத்திருக்க ஆசைப்படுபவருக்கு இரண்டு வித்தையும் தேவைப்படும்.

முதலில் இந்தியக் கதை. 1960களிலும் 70களிலும் இங்கே வாங்கக் கிடைத்தவை மூன்றே கார்கள்: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர், பம்பாய் குர்லாவில் தயாரான ஃபியட் (பிறகு பத்மினி), நம்ம சென்னை ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிநாட்டு ரேடியோவை நேர்வழியில் இறக்குமதி செய்வது சாமானியருக்கு நடக்காத காரியம். உள்நாட்டில் செய்தவற்றில் ஒன்றை வாங்க வேண்டும், அதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், ஆண்டுதோறும் தபால் ஆபீஸில் பணம் கட்டிப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி வாங்க வேண்டும். 1980களின் நடுவில் அந்த லைசென்ஸ் ஒழியும்வரை இதுதான் நடைமுறை. காரில் ரேடியோ என்றால் தெருவில் நான்கு பேர் திரும்பிப் பார்த்ததற்கு இதெல்லாம் காரணம்.

பின்னாளில் தனியாக வாங்கி மாட்டும் பொருளுக்கு டேஷ்போர்டில் சரியான அளவில் இடம் இருக்காது. அந்தக் காலத்து செட்டுக்கு நடுவே நீண்ட முகம், இரு பக்கமும் இரண்டு தண்டு, அதில் குமிழ். தண்டுகளுக்கு இரண்டு வட்ட ஓட்டை போட்டால் போதும். பிறகு கேசட் செட் வந்தது. 180க்கு 50 மில்லிமீட்டர் என்ற நீள்சதுர அளவு உலகம் முழுக்கப் பொதுவானது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் டேஷ்போர்டை அந்த அளவுக்கு அறுத்துத் தள்ளினார்கள். இன்று எந்த அம்பாசடரைத் திறந்து பார்த்தாலும் டேஷ்போர்டின் தகட்டில் ரம்பம் ஓடிய தடம் தெரியும். இதற்கு ஃபேக்டரியைக் குறை சொல்ல முடியாது. அவசரத்தில் மாட்டியவரைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே அவசரத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. அண்ணா சாலையை ஒட்டி நடந்து போகும் தூரத்தில் மூன்று இடங்கள்: கார் சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கழித்துக்கட்டிய வண்டிகளின் பாகங்களுக்குப் புதுப்பேட்டை, டிரான்சிஸ்டரும் கண்டென்சரும் வாங்க ரிச்சி தெரு. புதுப்பேட்டையில் தூக்கிய செத்த ரேடியோவை ரிச்சி தெரு சாமானைப் போட்டுப் பிழைக்க வைத்துவிடலாம். காய்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கண்டென்சரை மாற்றுவது, கரகரக்கும் வால்யூம் கண்ட்ரோலைக் கழுவுவது, அறுந்த டயல் நூலைச் சுற்றிக் கட்டுவது எல்லாம் இங்கே சாதாரண வேலை. எறிவதற்கு மனம் வராத நாட்டில்தான் இப்படிப்பட்ட கைகள் வளரும்.

இலங்கையில் இரண்டு அடுக்கு கார்கள். மேலடுக்கு ஜப்பான். அடியடுக்கு பிரிட்டிஷ்: மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட். அம்பாசடரும் மொறிஸ் ஒக்ஸ்போர்டின் மூன்றாவது வரிசையிலிருந்து வந்ததுதான் என்பதால் இரண்டும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள். இந்தியாவிலும் மைனர் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் கொஞ்சகாலம் ஓடியது. ஆனால் மைனரை இலங்கை பிடித்துக்கொண்ட அளவுக்கு நாம் பிடித்துக்கொள்ளவில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மைனர் நிலையத்தோடு சேர்ந்து அதற்கான பாடித் தகடுகளையே அங்கே அடித்து ஏற்றுமதி செய்தார்கள். துருப்பிடித்த பழைய மட்கார்டுக்குப் பதில் புதுசு போடலாம், அதில் யாரோ போட்ட ஏரியல் ஓட்டை இருக்காது.

மைனரில் புது ரேடியோ மாட்டப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. அந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் நேர்முனைதான் பாடியில் கட்டியிருக்கும். இன்றைய ரேடியோக்கள் எல்லாம் நெகட்டிவ் எர்த். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்து, செட்டின் பெட்டி தகட்டில் படாமல் ரப்பர் வைத்து மாட்டியவர்கள் உண்டு. ஸ்விட்ச் போட்டதும் பாடவும் செய்யும். பிறகு ஏரியல் பிளக்கைச் செருகுவார்கள். அங்கேதான் சங்கதி. அந்தப் பிளக்கின் வெளிவளையம் ரேடியோவின் கறுப்பு வயரோடு உள்ளுக்குள் ஒன்று. ஏரியலின் அடிப்பகுதியோ மட்கார்டில் இறுகியிருக்கிறது, மட்கார்டில் இருப்பது நேர்மின். செருகிய கணத்தில் படாரென்று பொறி, ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இல்லாமல் மாட்டியிருந்தால் ஏரியல் வயரே சூடாகி உருகும்.

சரியான வழி இரண்டு. வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது ஒன்று. பேட்டரி முனைகளை மாற்றிக் கட்டி, இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவின் எஃப் முனையிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு அந்த முனையில் பேட்டரியின் புது நேர்முனை வயரை ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். டைனமோ புது முனைக்குப் பழகிவிடும். எஸ்.யூ. மின்சார பெட்ரோல் பம்ப் பழைய வகையாக இருந்தால் கவலையில்லை, எலெக்ட்ரானிக் வகை என்றால் எரிந்துவிடும். மற்ற வழி, வண்டியைத் தொடாமல், பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்த பழைய செட்டைத் தேடிப் போடுவது. அப்படிப்பட்ட பல செட்களின் பின்பக்கத்தில் எர்த்தை மாற்றும் சின்னத் திருப்பி உண்டு. வண்டியைத் தொடாத வழிதான் எனக்குப் பிடித்தது. ஐம்பது அறுபது வருடம் ஒழுங்காக ஓடிய மின்வேலையை ஒரு பாட்டுப்பெட்டிக்காகத் தலைகீழாக்குவானேன்?

ஃபியட்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, பத்மினி பிறந்ததிலிருந்தே நெகட்டிவ் எர்த். அவர்களுக்குக் காத்திருப்பது வேறு. பழைய செட்டுக்கு ஒரே ஸ்பீக்கர், அதற்கும் ஒரே வயர், மறுமுனை பாடியில். இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் செட்டுக்கே திரும்ப வேண்டும். பழைய ஒற்றை வயரிலேயே கொடுத்து ஆம்ப்ளிஃபயரைச் சுட்டுவிடுவது சென்னையிலும் நடக்கிறது, கொழும்பிலும் நடக்கிறது.

ஏரியலுக்கு வருவோம். எந்த அலையை அதிகம் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து இரு நாட்டின் ஏரியல் ஞானமும் மாறியிருக்கிறது. இந்தியக் கார் ரேடியோ 2000க்குப் பிறகும் மீடியம் வேவைத்தான் நம்பியிருந்தது. சென்னையில் 1977 ஜூலை 23இல் எஃப்.எம். வந்துவிட்டாலும், தனியார் எஃப்.எம். நாட்டில் தொடங்கியது 2001இல்தான். அதுவரை சென்னைக்கு 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சிக்கு 936, விவித்பாரதிக்கு 783. இலங்கையில் தனியார் எஃப்.எம். 1993லேயே தொடங்கிவிட்டது, 1990களின் கடைசியில் தமிழுக்கும் தனி எஃப்.எம். நிலையங்கள் வந்தன. ஆக அங்கே ஏரியல் என்றால் எஃப்.எம். ஏரியல்.

இரண்டுக்கும் தேவை வேறு. 100 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் மூன்று மீட்டர், அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். ஏறக்குறைய அந்த நீளத்துக்குக் கம்பியை இழுத்து நிறுத்தினால் எஃப்.எம். நன்றாகப் பிடிக்கும். முழுக்க இழுத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று இழுப்பது வீண். சென்னை 720 கிலோஹெர்ட்ஸின் அலைநீளமோ 400 மீட்டருக்கு மேல். கார் கம்பி எவ்வளவு நீண்டாலும் அதற்கு முன் தூசி. ஆகவே மீடியம் வேவுக்குக் கம்பி எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. இன்னொன்றும் உண்டு: ஏரியல் வயரின் கொள்திறனே செட்டின் முதல் டியூனிங் சுற்றின் பங்காக வேலை செய்கிறது. அசல் கார் ஏரியல் வயரை அறுத்துப் பார்த்தால் உள்ளே தலைமுடி போன்ற மெல்லிய கம்பி பிளாஸ்டிக் குழாய்க்குள் தளர்வாக, காற்று சூழக் கிடக்கும். கொள்திறன் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. வயர் அறுந்துவிட்டது என்று டி.வி. கேபிளை வெட்டி ஒட்டுவது எல்லா ஊரிலும் உள்ள கெட்ட பழக்கம். எஃப்.எம்.மில் பெரிய வித்தியாசம் தெரியாது. மீடியம் வேவ் மட்டும் செத்துப் போகும். இலங்கையில் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும், ஏனென்றால் காரில் மீடியம் வேவ் தேடுபவர் அங்கே இல்லை. இந்தியாவில் மாட்டிக்கொள்வார்கள்.

பழைய செட்களின் பக்கத்திலோ ஏரியல் துளைக்கு அருகிலோ சின்னத் துவாரம் இருக்கும், உள்ளே ஒரு திருகு. அதன் பெயர் ட்ரிம்மர். புது ஏரியல் போட்டதும் மீடியம் வேவின் மேல்கோடியில், 1400 பக்கம், மெல்லிதாகக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்து, கம்பியை முழுக்க நிமிர்த்தி, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அந்தத் திருகை நகர்த்திச் சத்தம் உச்சமாகும் இடத்தில் விட வேண்டும். ஐந்து நிமிட வேலை. பழைய சென்னைக் கடைக்காரர்கள் இதைச் செய்யாமல் வண்டியை வெளியே விடமாட்டார்கள். கொழும்பில் கேட்டால் அந்தத் துவாரம் எதற்கு என்று திருப்பிக் கேட்கும் தம்பிகளே அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கைக்கு வந்த ஜப்பான் செட்டில் அது தேவைப்படவில்லை.

எர்த் விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கொழும்பு, நீர்கொழும்பு, யாழ்ப்பாணம் எல்லாம் கடற்காற்று. ஏரியலின் அடிக்கட்டை மட்கார்டின் அடிப்பக்கத் தகட்டைப் பல்வாஷரால் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே துரு ஏறினால் ரேடியோ இரைச்சலைத்தான் பிடிக்கும். இலங்கையில் ஒரு கராஜில் பார்த்த வரிசை இது. மீட்டரின் ஒரு முனை கம்பியின் நுனியில், மறுமுனை பிளக்கின் நடுஊசியில்: பூச்சியம் காட்ட வேண்டும். அடுத்து நடுஊசிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே: எதுவும் காட்டக் கூடாது. கடைசியில் வெளிவளையத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும்: மறுபடி பூச்சியம். "றேடியோவைக் கழட்டாதேங்கோ, முதல்ல இது மூண்டையும் பாருங்கோ" என்பதுதான் அங்கே வந்த வாடிக்கையாளரிடம் மூத்தவர் சொன்னது. நடுஊசிக்கும் வளையத்துக்கும் இடையே சில ஆயிரம் ஓம் காட்டினால் வயருக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பெட்டியைத் திறந்து பயனில்லை.

இரைச்சல் இரண்டு நாட்டுக்கும் பொது. எஞ்சினை ஓடவிட்டு ஏரியல் பிளக்கை உருவ வேண்டும். சத்தம் நின்றால் அது காற்று வழியாக வந்தது. நிற்காவிட்டால் பவர் வயர் வழியாக. ஆக்சிலேட்டரோடு சேர்ந்து வேகமெடுக்கும் டக்டக் என்றால் ஸ்பார்க் பிளக், அதற்குக் கார்பன் வயரோ சப்ரஸர் கேப்போ போட்டு, காயிலின் ஸ்விட்ச் முனையில் 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வைக்க வேண்டும். விசில் மாதிரி ஏறி இறங்கினால் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர். அதன் அவுட்புட் முனையில் ஒரு கண்டென்சர். டைனமோவின் எஃப் முனையில் மட்டும் வைத்துவிடக் கூடாது, ரெகுலேட்டரின் கான்டாக்ட் கரிந்துவிடும். பானெட் தகடு எர்த் ஆகாமல் மிதந்துகொண்டிருந்தால் ஒரு பின்னல் பட்டையை வைத்துப் பாடியோடு கட்டினால் பாதி இரைச்சல் அடங்கும். டீசல் அம்பாசடர்காரர்கள் ஒரு விஷயத்தில் பாக்கியசாலிகள். எஞ்சினின் உறுமல் காதைப் பிளந்தாலும் அதில் ஸ்பார்க் இல்லை என்பதால் ரேடியோவுக்குள் டக்டக் வராது.

யாழ்ப்பாணத்துக்கு மட்டும் தனி அத்தியாயம் உண்டு. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெட்ரோல் வரவில்லை, பேட்டரிக்கும் தடை. ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். துளி பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். ரேடியோவுக்குப் பேட்டரி இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் செய்தி கேட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் கார் ரேடியோவைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை, அதனாலேயே அந்த வண்டிகளின் டேஷ்போர்டுகளை யாரும் அறுக்கவில்லை. ஒரிஜினல் கார் தேடுபவர்கள் இன்று யாழ்ப்பாணத்து ஒஸ்ரினுக்கு ஏங்குவதில் இந்த விசித்திரமும் ஒரு காரணம்.

மற்றபடி இன்றைய இலங்கை மெக்கானிக்கின் அன்றாடம் ஜப்பான் காரோடுதான். ஜப்பானில் நெடுங்காலம் எஃப்.எம். பட்டை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை. இலங்கையில் 88 முதல் 108. இரண்டும் தொட்டுக்கொள்வது 88க்கும் 90க்கும் இடையே மட்டும். துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு ஓட்டி வரும்போது ரேடியோவில் ஏறக்குறைய எதுவுமே வராது. இதற்கு, கொழும்பில் கார் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் கிடைக்கும் மருந்து, தீப்பெட்டி அளவு பேண்ட் கன்வேர்ட்டர். ஏரியல் வயருக்கும் செட்டுக்கும் இடையே செருகி, சிவப்பு வயரை ரேடியோவின் பவரில் கொடுத்தால் வரும் அலையை 20 மெகாஹெர்ட்ஸ் கீழே இறக்கிக் கொடுக்கும். 100இல் இருக்கும் நிலையம் திரையில் 80 என்று தெரியும்.

நல்ல ஏற்பாடு, ஆனால் முழுமையல்ல. செட்டின் சாளரம் 14 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். 20 இறக்கினால் 96க்குக் கீழே இருப்பவை தப்பிவிடும், 12 இறக்கினால் 102க்கு மேலே இருப்பவை தப்பிவிடும். எந்த நிலையங்களை அதிகம் கேட்பீர்கள் என்று கேட்டு அதற்கேற்ற கன்வேர்ட்டரை எடுத்துக் கொடுப்பவர் நல்ல கடைக்காரர். ஏரியலின் எர்த் சரியில்லாத காரில் கன்வேர்ட்டர் போட்டால் அது இரைச்சலையும் சேர்த்தே இறக்கும். இதனால்தான் மீட்டரோடு மூன்று இடம் தொடுவது அங்கே முதல் வேலையானது.

கன்வேர்ட்டர் பிடிக்காமல் செட்டையே மாற்றுபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. பல ஜப்பான் கார்களில் கம்பி கிடையாது. பின் கண்ணாடியில் அச்சிட்ட ஏரியல், அதோடு தூணுக்குள் ஒளிந்த ஒரு பூஸ்டர். அந்த பூஸ்டருக்கு 12 வோல்ட் பழைய செட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது. புது செட் மாட்டுபவர் அந்த ஒரு வயரை விட்டுவிட்டால் பூஸ்டர் தூங்கிவிடும், புது செட் பழைய செட்டைவிட மோசமாகப் பாடும். வாடிக்கையாளர் சீனச் சாமான் என்று செட்டைத் திட்டுவார். புது செட்டின் நீல வயரை அதற்குக் கொடுத்தால் சரியாகிவிடும். டொயோட்டாவுக்கும் நிசானுக்கும் பிளக் வடிவமே வேறு என்பதால் அடாப்டர் இல்லாமல் வயரை வெட்டி முறுக்குவதும் நடக்கிறது. அறுத்த பிளக்கைத் திரும்பத் தேடுவதைவிட அடாப்டர் மலிவு. மோட்டாரில் ஏறி இறங்கும் பவர் ஏரியலில் பல்வைத்த நைலான் கயிறு அறுந்துபோனால் மாஸ்டை மட்டும் மாற்றலாம், மோட்டாரோடு எறிய வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை இலங்கை 2025இல்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் வந்து சேர்ந்திருந்த கார்கள் எல்லாம் பொக்கிஷமாகிவிட்டன. டொயோட்டா டி.எக்ஸ். வேகனின் ஒரிஜினல் ரேடியோவைக் கழற்றி எறிந்தவர்கள் பஞ்சிகாவத்தையில் அதையே திரும்ப விலை பேசினார்கள். இந்தியாவில் அதுபோன்ற ஓர் உந்துதல் சட்டத்திலிருந்து வந்தது: 2021 ஜூலையில் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு வந்தது, முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பதே அதன் நிபந்தனை. ரேடியோவை அதில் யாரும் கேட்கவில்லை. ஆனால் கார் கண்காட்சிகளில் நடுவர்கள் டேஷ்போர்டைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பார்கள்.

அறுத்த டேஷ்போர்டைத் தகடு வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்து, இரண்டு குமிழ் செட்டைத் தேடிப் போடுவது இப்போது சென்னையில் மும்முரம். செட்டின் உள்ளே ப்ளூடூத் போர்டு ஒன்றைப் புதைத்து, வால்யூம் குமிழை அதோடு இணைத்துவிட்டு, டயல் விளக்கு மட்டும் எரியும்படி செய்து கொடுக்கிறார்கள். எனக்கு அதில் அரைமனசு. குமிழைத் திருப்பினால் நிலையம் மாற வேண்டும். மாறாத குமிழ் நடுவரை ஏமாற்றலாம், சொந்தக்காரரை எத்தனை நாள் ஏமாற்றும்? ப்ளூடூத் வேண்டுமென்றால் சின்ன செட்டை க்ளவ் பாக்ஸுக்குள் ஒளித்துவிட்டு, பழைய செட்டைத் தன் வேலையைச் செய்ய விடுவதே என் சிபாரிசு. ட்ரிம்மரைத் திருகிவிட்ட பழைய செட்டோடு இரவில் ராமநாதபுரம் சாலையில் போனால் மீடியம் வேவ் கடல் தாண்டி நன்றாகவே வந்து சேரும், உப்புத்தண்ணீர் அதற்கு நல்ல பாதை. ராமேஸ்வரம் நெருங்கினால் கார் எஃப்.எம்.மிலும் இலங்கை நிலையங்கள் குறுக்கே வந்து விழும். அவற்றுக்குக் கன்வேர்ட்டர் தேவையில்லை, இரு கரைக்கும் பட்டை 88 முதல் 108 தான்.